ஐஸ் ரூம் கதவில் லாசர் முதலாளி

சரக், சரக், சரக்.

வாசலில் நின்று இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? எலி மரத்தைச் சுரண்டுகிறது என்று நினைத்திருப்பீர்கள். கரண்டு கணக்கெடுக்க வந்தவனும் அப்படித்தான் நினைத்தான். "ஒரு பூனை வளக்கலாம்லா அண்ணாச்சி" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனான். எலி இல்லை சார், நான்தான். பழைய வேட்டித் துணியால் படத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாருங்கள். குனிந்து வாருங்கள், நிலை இடிக்கும்.

நீங்கள் மதுரை ஓட்டலிலிருந்து வருகிறவர்தானே? நேற்றே போன் வந்தது. வரவேற்பறைச் சுவருக்குப் பெரிய படமாக வேண்டுமாம். யாரோ போனில் அனுப்பிய போட்டோவைப் பார்த்தார்களாம். லாசர் முதலாளியை எடுத்துப்போக வண்டியோடு ஆள் வரும் என்றார்கள். எடுத்துப்போகிறார்களாம்! ஏற்கெனவே ஒருதரம் எடுத்துப்போய்ப் புதைத்தாயிற்று மனுஷனை.

சரி, பாருங்கள். பார்க்கத்தானே வந்தீர்கள். இவர்தான். நின்ற கோலத்தில் ஓர் ஆளைவிடப் பெரிய ஆள். பின்னால் தெரிவது கடல் இல்லை, ஐஸ் புகை. கடல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தூத்துக்குடிக்காரன் வரைந்தால் பின்னால் கடலாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு சட்டம்.

நீங்கள் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்பீர்கள். கேட்காத வாயை நான் பார்த்ததில்லை. "மெழுகுப் படமா? நம்ம ஊர் வெயிலுக்கு உருகாதா?" பாதிரியார் கேட்டார், பால்காரர் கேட்டார், என் சொந்த மச்சினன் கேட்டான். உருகாது சார். தேன்மெழுகில் வெள்ளைக் குங்கிலியத்தைச் சேர்த்துக் காய்ச்சி, அதில் நிறத்தூளைக் குழைத்து, சூடாக இருக்கும்போதே மரத்தில் தீட்டி, மேலே மறுபடி சூடு காட்டி ஒன்றோடொன்று பிடிக்கவைப்பது. கோடை வெயிலெல்லாம் அதற்கு ஒன்றுமில்லை. குங்கிலியம் வாங்க நாட்டுமருந்துக் கடைக்குப் போனால் அந்த ஆள், கடை நிறைய ஜனம் நிற்கும்போது, "யாருக்கு அண்ணாச்சி மூலம்?" என்று கேட்கிறான். படத்துக்கு என்றேன். "படத்துக்கு மூலமா?" என்று சிரிக்கிறான். இந்த ஊரில் கலைக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு. கம்ப்ரசர் ஓடுகிறதா, அமோனியா கசிகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. மற்றவன் போனில் சீட்டாடுவான். நான் ஒருநாள் என் போனில் ஏதோ பாலைவனத்து ஊர்ப் படங்களைப் பார்த்தேன். செத்தவன் முகத்தின் மேல் வைத்துக் கட்டுவதற்கென்று மெழுகில் தீட்டிய முகங்கள். இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் கண் ஈரமாக இருக்கிறது சார். அன்றைக்கு ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறமும் சரியாக வரவில்லை.

முதலில் சின்னதுதான். இஸ்திரிப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டால் அதுவே அடுப்பு, அதுவே தட்டு. மீன் பெட்டி உடைந்த பலகையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு முகம். ஓர் இழுப்பில் மூக்கு, ஓர் அழுத்தில் கண். கையில் வைத்து நாலுதரம் தடவினால் பளபளவென்று எழுந்து வரும். சென்னைக் கண்காட்சி ஒன்றில் சிலதைக் கொண்டுபோய் மாட்டினேன். ஓர் அம்மாள், நல்ல பட்டுப்புடவை, கழுத்தில் பாசிமணி, அருகே வந்து பார்த்துவிட்டுக் கூட வந்தவளிடம் சொல்கிறாள்: "சோ ஸ்வீட். கீ செயின் மாதிரி இருக்கு." கீ செயின்! பக்கத்துச் சுவரில் ஒருத்தன் சுண்ணாம்பு அடிக்கிற பிரஷால் நீலத்தை அள்ளித் தெளித்துச் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறான். அதற்கு முன்னால் நின்று எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டில் மனுஷனுடைய கண் அளவெடுக்கிற டேப் சார். அதில் அடிக்கணக்குத்தான் தெரியும்.

இனிமேல் பெரிசு என்று ரயிலிலேயே முடிவு பண்ணிவிட்டேன். யார் முகம் என்று மட்டும் தெரியவில்லை.

அந்த வருஷம்தான் லாசர் முதலாளி செத்தார். ஐஸ் கம்பெனி அவருடையது. படகுகளும் உண்டு. மற்ற முதலாளி ராத்திரியில் தூங்குவான். இவர் எப்போது வேண்டுமானாலும் வந்து ஐஸ் ரூம் கதவைத் திறந்துகொண்டு புகைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார். "என்ன வே ரெமி, முழிச்சிருக்கீரா, செத்துட்டீரா?" தினமும் இதே கேள்வி. வேறு ஒரு வார்த்தை பேசினதில்லை. நல்ல மனுஷன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். சந்தேகப் பிறவி. ஆனால் அந்தக் கேள்வி நின்றுபோன பிறகு ஷிப்டில் நேரம் போகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அது வேறு விஷயம்.

அடக்கத்துக்கு அப்புறம் ஒரு சின்னப் பலகையில் அவர் முகத்தைப் போட்டுக்கொண்டுபோய் அவர் சம்சாரம் செலினக்காவிடம் கொடுத்தேன். என்ன செய்தார்கள் தெரியுமா? பார்க்கவே இல்லை சார். வாங்கின வேகத்தில் கையை மூடிக்கொண்டார்கள். மூடின கையை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். ராப்பகலாக உட்கார்ந்து வரைந்தவன் எதிரில் நிற்கிறேன். நன்றாயிருக்கிறது என்று ஒரு சொல் கிடையாது. ரசனை அவ்வளவுதான் என்று வந்துவிட்டேன்.

மகன் ரோலண்ட்தான் அதை அம்மா கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தவன். புது வீடு கட்டிக்கொண்டிருந்தான். "ரெமியண்ணே, இதையே பெருசா போட்டுத் தாரும். மாடிப்படிக்கு மேல, உள்ள வந்ததும் ஆளு மிரளணும். எதிர்த்த தெருவுல அவன் அப்பனுக்குப் பளிங்குல சிலை வச்சிருக்கான்லா" என்றான். அப்பாவின் மேல் பாசம் இல்லை சார், எதிர்த்த தெருவின் மேல் வயிற்றெரிச்சல். எனக்கென்ன, சுவர் கிடைத்தது.

என் வீட்டுக்காரி அமலி தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "வேண்டாங்க. சின்னதா இருக்கப்போய்தான் அது அவரா இருக்கு." ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறவள். அவளுக்கு எல்லாமே ஆளின் அளவுக்குப் பொருந்துகிறதா, இல்லையா என்பதுதான். அவளோடு என்ன விவாதம் செய்வது?

சின்னதைப் பெரிசாக்குவது என்றால் என்ன நினைக்கிறீர்கள்? போட்டோவை இழுத்துப் பெரிசாக்குகிற மாதிரியா? உங்கள் முதலாளி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார். சின்னதில் மெழுகு தட்டிலிருந்து பலகைக்கு ஒரு சாண். பெரிசில் அடுப்பிலிருந்து பிரஷை எடுத்து எட்டுவைத்து வருவதற்குள் முனையில் கல்லாகிவிடும். பரோட்டாக் கடைக்காரனிடம் பழைய கல் ஒன்றை வாங்கி, மீன் தள்ளுகிற தள்ளுவண்டியில் அடுப்போடு ஏற்றி, தரையில் படுக்கப்போட்ட படத்தைச் சுற்றிச் சுற்றி உருட்டினேன். நடுப்பகுதி கைக்கு எட்டாது. குறுக்கே ஏணியைப் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்தேன். கீழே கொதிக்கிற மெழுகு, மேலே நான். தெருப்பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "மாமாவ யாரோ வடை மாதிரி பொரிக்காவ" என்று கத்தின.

தச்சு ஆசாரி ஒருவர் பிளைவுட் அடித்துக் கொடுத்தார். அருமையான பலகை, ஆயுசுக்கும் அசையாது என்றார். அமலி மதியச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது டப் என்று ஒரு சத்தம். பலகை முதுகை வளைத்துவிட்டது. லாசர் முதலாளியின் நெற்றி அப்படியே பெயர்ந்து தரையில் கிடந்தது, தோசை மாதிரி. ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினால், "மெழுகுல கோளாறு" என்கிறார். மரத்தில் கோளாறு என்று எந்த ஆசாரி சொல்லியிருக்கிறார்?

அப்போதுதான் கதவு ஞாபகம் வந்தது. கம்பெனியில் பழைய ஐஸ் ரூமை இடித்தபோது அதன் இரட்டைக் கதவைக் கழற்றிப் பின்கட்டில் சாத்திவைத்திருந்தார்கள். கனத்த தேக்கு. எத்தனை வருஷக் குளிரைத் தாங்கினது, அது எங்கே வளையப்போகிறது? ஆமாம் சார், நீங்கள் பார்க்கிறது அந்தக் கதவுதான். இரண்டு கதவையும் சேர்த்த கோடு தோள்வழியாக இறங்குகிறது பாருங்கள். இதைத் திறந்துகொண்டுதான் மனுஷன் எட்டிப் பார்ப்பார். அதற்காக எடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வளையாது, அதற்காகத்தான்.

சூடு காட்டுகிறபோது இன்னொரு கை வேண்டியிருந்தது. ஒரு மூலை இளகும்போது மறுமூலை இறுகிவிடும். நடுவில் வெடிப்பு விழும். அமலி எதிர்ப்பக்கம் நின்று, சூடான காற்றை ஊதுகிற இன்னொரு ஹீட் கன்னைப் பிடித்தாள். சும்மா பிடித்தாள், அவ்வளவுதான். எங்கே வழியப்போகிறது என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். "தூக்குங்க, தூக்குங்க, மூக்கு எறங்குது" என்று கத்துவாள். பால் பொங்குவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது, கலை இல்லை. மிஷினில் தைக்கவேண்டிய துணியெல்லாம் அப்படியே கிடக்க, அந்தக் கோடை முழுக்க எதிர்ப்பக்கம் நின்றாள்.

அப்புறம் முகம். சின்னதில் கண் ஒரு புள்ளி. பெரிசில் கண் ஒரு தாம்பாளம். அதற்குள் என்னத்தை வைப்பது? எத்தனை வருஷம் தினமும் பார்த்த முகம், வரைய உட்கார்ந்தால் புகையும் மீசையும்தான் ஞாபகம் வருகிறது. செலினக்கா ஆட்டோ பிடித்து வந்து, பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று, "ரெமி, இந்தக் காது கொஞ்சம் கீழ எறங்கணும்" என்பார்கள். "காது எறங்குனா மொகம் கோணிரும்க்கா" என்றேன். "அவ்வொ மொகம் கோணல்தான?" என்றார்கள். மறுநாள் நான் காதை இறக்கினேன். அவர்கள் சொன்னதற்காக இல்லை. வேறு ஒரு காரணம் இருந்தது, இப்போது ஞாபகமில்லை.

புது வீடு புகும் நாளில் படத்தைப் பார்த்து ஊரே மிரண்டதென்னவோ உண்மை. பாதிரியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, உருகாதா என்று கேட்டார். ரோலண்ட் எதிர்த்த தெருக்காரனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்கவைத்தான். கழுத்து வலிக்கிற உயரத்தில் மாட்டியிருந்தார்கள். ஆள் கை படாத உயரம். கூடத்தில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. வந்திருந்த பெண்பிள்ளைகள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இரண்டு மாசம் இருக்கும். போன் வருகிறது. "என்னண்ணே இது, அப்பா மூஞ்சியில பூசணம் பூத்திருக்கு?"

பூசணமாம்! அது பூசணம் இல்லை சார். புது மெழுகு குளிர் பட்டால் மேலே வெள்ளையாக ஓர் ஆவி படியும். திராட்சைப் பழத்தின் மேல் இருக்குமே, அந்த மாதிரி. மெல்லிய துணியால் தேய்த்தால் போய்விடும். ஒரு வருஷம் அப்படித் தேய்த்துக்கொண்டே வந்தால் அப்புறம் வராது. அவ்வளவுதான் விஷயம். ஏணி வைத்து ஏறித் தேய்த்தேன், கண்ணாடி மாதிரி வந்தது. ஏசியைக் குறையுங்கள் என்றேன். குறைப்பார்களா? வீட்டுக்குள் ஏசியைக் குறைத்தால் கௌரவம் குறைந்துவிடுமே. அடுத்த வாரமே மறுபடி வெள்ளை. வேலைக்கு வருகிற பெண்ணை விட்டுப் பாத்திரம் விளக்குகிற திரவத்தைப் போட்டு நாரால் தேய்க்கவைத்திருக்கிறார்கள். முதலாளியின் முகத்தை, நாரால்!

ஐஸ் கம்பெனியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினவனுக்குக் குளிரைப் பற்றித் தெரியாதா என்று கேட்கத் தோன்றுகிறது உங்களுக்கு. முகத்திலேயே எழுதியிருக்கிறது. அது வேறு குளிர், இது வேறு குளிர். எல்லோரும் சூட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தால் ஒருத்தன் குளிரைப் பற்றி எப்போது யோசிப்பான்?

கடைசியாக நான் ஏணியில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தபோது ரோலண்டின் பெண்டாட்டி கீழே நின்று சத்தமாகவே சொன்னாள்: "ஃப்ரீசர் பெட்டிக்குள்ள கெடந்தப்ப மாமா மூஞ்சி இப்படித்தான் இருந்துது. பிள்ளைங்க மாடிக்கு ஏற மாட்டேங்கு. இத மொதல்ல எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க." செலினக்கா சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புருஷனை வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள், மடியில் மூடின கையோடு சும்மா இருக்கிறார்கள்.

ரோலண்ட் மீன் லாரியில் ஏற்றி, தார்ப்பாயைப் போட்டு மூடி, என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். ஊர் பார்த்தது. "ரெமி போட்ட படம் திரும்பி வந்துட்டு" என்று பேச்சு. மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். உருகித்தான் போய்விட்டது என்று இன்றைக்குவரைக்கும் அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அந்தச் சனிக்கிழமை வாசலில் ஆட்டோ சத்தம். செலினக்கா. வாங்க என்று சொல்லுமுன் உள்ளே வந்துவிட்டார்கள். படம் இதோ இந்த இடத்தில்தான் தரையில் சாத்தியிருந்தது, முகமெல்லாம் வெள்ளை. நேராகப் போனார்கள். இடது கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார்கள். வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மெதுவாகத் தேய்த்தார்கள். கை போன இடமெல்லாம் கறுப்பு எழுந்து வந்தது. கன்னம், மீசை, இறக்கின காது. அமலி காப்பி கொடுத்தாள், குடித்தார்கள். போகும்போது மற்றக் கையைத் திறந்து சின்னப் பலகையைக் காட்டினார்கள். அதில் ஒரு வெள்ளை கிடையாது சார். கையிலேயே கிடந்து தேய்ந்து, கூழாங்கல் மாதிரி மினுங்குகிறது. "இது ஒண்ணும் வெளுக்கல பாரு" என்றார்கள். என்ன அர்த்தம்? பெரிசாக வரைந்தது தப்பு என்று குத்திக் காட்டுகிறார்கள். வேறென்ன?

அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்தார்கள். பசுமாட்டைத் தடவுகிற மாதிரி தடவுவார்கள். தடவித் தடவி நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட பிரஷ் தடமெல்லாம் கன்னத்தில் மழுங்கிப்போயிற்று. வெளிச்சத்துக்கு வந்து பக்கவாட்டில் பாருங்கள், தெரியும். சொன்னால் கேட்பார்களா? நெற்றி எட்டவில்லை என்று நாற்காலி கேட்டார்கள். விழுந்து தொலைத்தால் ரோலண்ட் என் மேல் பாய்வான் என்று நான்தான் கதவின் அடிப்பக்கத்தை அறுத்து இறக்கினேன். ஆமாம், கால் பக்கம் இல்லை. வேட்டிக் கரையோடு நின்றுவிடுகிறது பாருங்கள். காலில் என்ன இருக்கிறது, வெறும் செருப்புத்தானே?

போன மாசம் செலினக்காவை மூட்டு ஆபரேஷன் என்று சென்னைக்கு, மகள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நடக்க நாளாகும் என்கிறார்கள். அங்கேயே வைத்துக்கொள்வார்கள் என்றும் சொல்கிறார்கள். எனக்கு நிம்மதி. ஆனால் பாருங்கள், இது இன்னும் ஒரு வருஷம் ஆகாத மெழுகு. விட்டால் வெளுத்துவிடும். அப்புறம் அவர்கள் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் பார்ப்பார்களே, அந்தப் பார்வையை யார் தாங்குவது? அதனால்தான் ஷிப்டு முடிந்து வந்து, படுக்கிறதுக்கு முன்னால் ஒரு தேய்ப்பு.

என்ன சொன்னீர்கள்? கண்ணாடியா? கண்ணாடி போட்டு மாட்டிவிடுவீர்களா? ஏசி படாமல் பார்த்துக்கொள்வீர்களா? நல்ல யோசனைதான் போங்கள். பெரிய ஓட்டல், பெரிய சுவர், அடியில் என் பெயரைப் பித்தளையில் பொறித்து வைப்பீர்கள், ஊரிலிருந்து வருகிறவனெல்லாம் அண்ணாந்து பார்ப்பான். மச்சினன் வாயை அடைக்கலாம். அந்தப் பாசிமணி அம்மாள்கூட வந்து தங்கலாம். இதற்காகத்தானே ஏணியில் குப்புறக் கிடந்தேன்? ஆனால் கண்ணாடி போட்டால் கை எப்படிப் படும்? இல்லை, தூசி எப்படித் துடைப்பது என்று கேட்டேன்.

அமலி, காப்பி போட்டாச்சா? சாருக்குச் சர்க்கரை கேட்டுக்கொள்.

வண்டியை அனுப்பிவிடுங்கள் சார். எஞ்சின் வீணாக ஓடிக்கொண்டிருக்கிறது. விலையெல்லாம் பேசவேண்டாம். காரணம் ஒன்றும் இல்லை, உங்கள் ஓட்டல் சுவர் எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்காமல் எப்படிச் சொல்கிறேன் என்றால், சுவர்களை எனக்குத் தெரியும். வேண்டுமானால் சின்னதாக ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள். அலமாரியில் கிடக்கிறது. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

கொஞ்சம் இப்படித் தள்ளி நில்லுங்கள், வெளிச்சத்தை மறைக்கிறீர்கள். அந்தத் துணி எங்கே போயிற்று? சரி, கிடக்கட்டும், கையே போதும். இடது கன்னத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.